வெளியூர் கான்சர்ட்: எங்கே நிற்பது, எப்படிக் கேட்பது

ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வெளியூர் கான்சர்ட்டுக்குப் போகிற நண்பர் கூட்டம், உள்ளே நுழைந்ததும் மேடையை நோக்கி ஓடும். முகம் பார்க்க அது சரி. பாட்டுக் கேட்க வந்தவர்களுக்கு அது நல்ல இடம் இல்லை. பாடகரின் குரல் வருவது மேடைக்கு இருபுறமும் உயரத்தில் தொங்கும் ஸ்பீக்கர் வரிசையிலிருந்து. முதல் வரிசையில் நிற்பவர்களுக்கு அது தலைக்கு மேலாகப் போய்விடும். டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்ளிஃபையரும்தான் நேராகக் காதில் விழும், குரல் அடியில் புதைந்துவிடும்.

எங்கள் ஓட்டு மிக்ஸிங் டெஸ்க் பக்கம்தான். கூட்டத்தின் நடுவே தடுப்பு வேலி போட்டு, சவுண்ட் இன்ஜினியர் உட்காரும் இடம் அது. அவர் தன் காதுக்குச் சரியாக வரும் வரை ஒலியைத் திருத்துகிறார். அவர் பக்கத்தில் நின்றால் அதே ஒலி உங்களுக்கும் கிடைக்கும். பல அரங்குகளில் சப்வூஃபரை, அதாவது பேஸ் எனும் அடிநாத ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரை, மேடையின் இடமும் வலமுமாக வைத்திருப்பார்கள். இரண்டிலிருந்தும் வரும் ஒலி சரியாக நடுக்கோட்டில் ஒன்றுசேர்வதால் அங்கே பேஸ் நெஞ்சை அடைக்கும். சில அடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள், பேஸ் கிட்டாரின் சில சுரங்கள் மெலிந்துபோவது தெரியும். பால்கனிக்கு அடியில் போகவே வேண்டாம்: ஸ்பீக்கர் கண்ணுக்கு மறைந்தால் அதன் கூர்மையான ஒலியும் மறைந்துவிடும். மைதானத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி நின்றால் குச்சி டிரம்மில் விழுவதைப் பார்த்து ஏறக்குறைய 0.3 நொடி கழித்தே அடி கேட்கும். பின்னால் நிற்க வேண்டி வந்தால், நடுவில் எழுப்பியிருக்கும் ஸ்பீக்கர் கோபுரத்தைத் தாண்டி, அது பார்க்கும் திசையில் நில்லுங்கள். குரல் தெளிவாக இருக்கும்.

டெஸ்க் பக்கம் நிற்பதில் இன்னொரு வசதி: பிரிந்துபோனால் கூடுமிடமும் அதுவே. "கேட் பக்கம்" என்று சொல்லி வைத்தால் எந்த கேட் என்று தேடியே பாதி நிகழ்ச்சி போய்விடும். "டெஸ்க்கின் இடது மூலை, மெயின் பேண்ட் ஏறுவதற்கு 10 நிமிடம் முன்" என்று உள்ளே போகும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கூட்டம் நிரம்பினால் இணையம் படுத்துவிடும். எஸ்எம்எஸ் பெரும்பாலும் போய்ச் சேரும், ஆனால் தாமதமாகலாம். அதனால் செய்தியிலேயே நேரத்தைச் சேர்த்து, "8.40, டெஸ்க் இடது" என்று அனுப்புங்கள். நேரம் இல்லாத செய்தி அரைமணி கழித்து வந்தால் ஆளை வேறு மூலைக்குத் துரத்தும்.

காது விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 85 டெசிபெலை 8 மணி நேரம் தாங்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். கான்சர்ட்டில் 100 சர்வசாதாரணம். ஃபோம் இயர்பிளக்கை விரலால் மெல்லிய குச்சிபோல் உருட்டி, எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்து, உள்ளே செருகி, அது விரியும் வரை 30 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரலே பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயன் இல்லை. ஃபோம், கூர்மையான ஒலியை அதிகமாக விழுங்குவதால் பாட்டு மங்கும். அடிக்கடி போகிறவர்கள், எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் ஃபில்டர் வைத்த பிளக் வாங்கிக்கொள்வது நல்லது. மறுநாள் வேறு ஊரில் இன்னொரு கான்சர்ட் இருந்து, காலையில் காது இரைந்துகொண்டிருந்தால், அந்தப் பகல் முழுக்க ஹெட்போனைத் தொடாதீர்கள்.

டிக்கெட்டை ஒருவரே எடுத்தாலும் உடனே அவரவர் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒருவர் வந்த ரயில் தாமதமானால் எல்லோரும் வாசலில் நிற்க வேண்டியதுதான். ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாதீர்கள்: சில செயலிகளில் டிக்கெட்டின் பார்கோடு சில நொடிக்கு ஒருமுறை மாறும், பழைய படத்தை ஸ்கேனர் ஏற்காது. அறையிலேயே வைஃபையில் டிக்கெட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் போனால் பவர் பேங்க் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை.

நெரிசலில் கையை முகத்துக்குக் கொண்டுவர முடியவில்லையென்றால் அப்போதே நகர வேண்டும். கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன் வைத்து மூச்சுக்கு இடம் விடுங்கள். கூட்டம் தள்ளும்போது எதிர்த்து நிற்காமல், அலை ஓயும் நேரத்தில் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். விழுந்த போனை எடுக்கக் குனியவே கூடாது.

நிகழ்ச்சி முடிந்ததும் வாசலிலேயே டாக்ஸி தேடினால் வண்டி கிடைக்காது, கிடைத்தாலும் கட்டணம் எகிறியிருக்கும். கூட்டம் போகும் திசைக்கு எதிராக, வெளிச்சமான சாலையில் ஒரு கிலோமீட்டர் சேர்ந்தே நடந்து, அங்கிருந்து கூப்பிடுங்கள். கடைசி ரயிலைக் கணக்குப் போட்டே அறை எடுத்திருந்தால் இந்தக் கவலையும் இல்லை. அறை மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் 40 நிமிடத்தில் நடந்தே போய்விடலாம்.