டேட்டா[1] என்பதை டேட்டா[] ஆக்கும்போது

பழைய சி நிரல்களில் ஸ்ட்ரக்ட்டின் (பல புலங்களைச் சேர்த்த தரவு அமைப்பு) கடைசியில் டேட்டா[1] என்று ஓர் அரே (வரிசை) நின்றால், பெரும்பாலும் அதற்குப் பின்னால் எவ்வளவு தரவும் தொடரலாம் என்று பொருள். ஜிசிசி கம்பைலரின் வழக்கத்தில் அதையே டேட்டா[0] என்றும் எழுதினார்கள். வெற்று அடைப்பான டேட்டா[] என்ற முறையான வடிவம் 1999-ஆம் ஆண்டுத் தரத்தில்தான் வந்தது.

இந்தப் பழக்கத்தால், வாலில் நிற்கும் எந்த அரேயின் அளவையும் கம்பைலர் நம்புவதில்லை. நேம்[16] என்று கணக்காகப் பதினாறு பைட் கேட்டிருந்தாலும், கடைசி உறுப்பாக இருந்தால் அதுவும் நீளக்கூடும் என்றே எடுத்துக்கொள்ளும்; எல்லைச் சோதனை அங்கே நடக்காது. மைனஸ் எஃப்-ஸ்ட்ரிக்ட்-ஃப்ளெக்ஸ்-அரேஸ் தேர்வை 3 என்று வைத்தால் [] மட்டுமே நீளும். ஜிசிசி 13, கிளாங் 16 முதல் இது உண்டு. லினக்ஸ் கெர்னல் 6.5-இல் இதை இயக்கியது.

[0]-ஐ மாற்றுவது எளிது. அளவை பைட்டில் சொல்லும் சைஸ்ஆஃப்பை சைஸ்ஆஃப்(பி->டேட்டா) என்று எங்காவது எழுதியிருந்தால் இதுவரை சத்தமில்லாமல் 0 வந்திருக்கும். இனி கம்பைல் ஆகாது. அந்தப் பிழைச் செய்தி நமக்கு லாபம்.

ஆபத்து [1]-இல் இருக்கிறது. நான்கு பைட் நீளப் புலம், பின்னால் ஒரு பைட் டேட்டா[1] என்றால், மூன்று பைட் பேடிங் (இடைநிரப்பு) சேர்ந்து சைஸ்ஆஃப் 8. டேட்டா[] ஆனதும் அது 4. பழைய நினைவக ஒதுக்கீடு சைஸ்ஆஃப் + நீளம் - 1, அதாவது நீளம் + 7. தேவையைவிட 3 பைட் அதிகம். அதனால் தவறு வெளியே தெரியாமலே ஓடியிருக்கும். மாற்றியபின் அந்த -1 எங்காவது தங்கிவிட்டால் நீளம் + 3. ஒரு பைட் குறைந்து ஹீப் (ஓடும்போது ஒதுக்கப்படும் நினைவகம்) சிதையும். வந்த பாக்கெட்டின் நீளத்தை சைஸ்ஆஃப்போடு ஒப்பிடும் சோதனைகளும் இதேபோல் தளர்ந்துவிடும். ஆகவே முதலில் அந்த ஸ்ட்ரக்ட்டின் சைஸ்ஆஃப் வரும் இடங்களையெல்லாம் தேடி, ஒவ்வொன்றையும் கையால் படிக்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. ஒதுக்கீட்டை, அளவைக் கணக்கிடும் கெர்னல் மேக்ரோவான ஸ்ட்ரக்ட்_சைஸுக்கு மாற்றுங்கள்: பெருக்கல் வழிந்தால் அது ஆக உயர்ந்த மதிப்பில் நின்றுவிடும், ஒதுக்கீடு தோற்கும், சின்ன பஃபர் கைக்கு வராது. பிறகு ஸ்ட்ரக்ட்டின் நினைவக அமைப்பைக் காட்டும் பஹோல் கருவி கொண்டு முன், பின் அமைப்பை ஒப்பிடுங்கள். யூசர்ஸ்பேஸ் (கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்கள்) பார்க்கும் ஹெடர் என்றால் அளவு மாறவே கூடாது. உறுப்புகள் ஒரே இடத்தைப் பகிரும் யூனியனுக்குள் பழைய டேட்டா[1]-ஐ வைத்து, பக்கத்தில் [] அரேயை அறிவிக்கும் __டிக்ளேர்_ஃப்ளெக்ஸ்_அரே மேக்ரோவைப் போடுவதே வழி.

கடைசியாக, அரேயின் நீளம் எந்தப் புலத்தில் இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் கவுன்டட்_பை குறிப்பு. எண்ணிக்கைப் புலம் உறுப்புகளை எண்ண வேண்டும். பைட்டை எண்ணும் புலத்தோடு கட்டினால் பைட்டைவிடப் பெரிய உறுப்புகளுக்கு எல்லை தவறாகும். அரேயைத் தொடும் முன் அந்தப் புலத்துக்கு மதிப்பு ஏறியிருக்க வேண்டும். ஐட்டம்[கவுன்ட்++] என்ற பழைய நடை இங்கே பொய் எச்சரிக்கை தரலாம்: முதலில் கவுன்டைக் கூட்டி, பிறகு கவுன்ட் - 1-இல் எழுதுங்கள்.