நாய்க்கும் பூனைக்கும் ரேபிஸ் தடுப்பூசி: வேப்பேரி வரை சென்று வந்த அனுபவம்

தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில், எல்லாக் குடித்தனங்களுக்கும் வாசலும் மாடிப்படியும் பொது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாய்க்குட்டி வளர்ந்தால் அது எல்லா வீட்டுப் பிள்ளைகளின் மடியிலும்தான் வளரும். என் மகன் தெருவிலிருந்து எடுத்து வந்த நாட்டு நாய்க்குட்டிக்கும், வெகுநாளாக எங்களோடு இருக்கும் பூனைக்கும் ரேபிஸ் தடுப்பூசி போட்டு, நாய்க்கு மாநகராட்சி உரிமமும் வாங்கியிருக்கிறேன். இந்த வேலையை நாளை, நாளை என்று தள்ளிப்போடுகிறவர்கள் எங்கள் பகுதியில் பலர் இருப்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

குட்டிக்கு ஊசி போடுவதில் வீட்டில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பூனை என்றதும்தான் என் மாமியார், "வாசலைத் தாண்டாத பூனைக்கு எதுக்கும்மா ஊசி?" என்று கேட்டார். வாசலைத் தாண்டாவிட்டாலும் இரவில் மொட்டை மாடியில் அயல் பூனைகளோடு சண்டையிட்டு, காதில் கீறலோடு வருகிற பூனை அது. ரேபிஸ் மனிதருக்குப் பெரும்பாலும், அதாவது உலக அளவில் ஏறத்தாழ 99 விழுக்காடு, நாய்களால்தான் பரவுகிறது என்றாலும், பூனையும் அந்நோயைப் பெற்று நம்மிடம் கடத்தக்கூடியதே. அவருக்கு ஊசி என்றாலே தம் சிறுவயதில் பார்த்த, தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடும் வைத்தியம்தான் நினைவுக்கு வரும். ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பு நம் நாட்டில் 2004ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டது என்பதையும், இப்போது மனிதருக்குக் கையில்தான் போடுகிறார்கள் என்பதையும் சொன்னேன். ஆனால் எத்தனை நல்ல மருந்து வந்தாலும், நோயின் அறிகுறி தோன்றிய பிறகு ஒருவரைக் காப்பாற்றுவது அநேகமாக இயலாது என்ற நிலை மட்டும் மாறவில்லை.

1903இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனைக்குக் காலையிலேயே புறப்பட்டோம். குட்டியை மகன் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். பூனையைக் காய்கறி வாங்கும் வயர்க்கூடையில் வைத்து, மேலே பழைய புடவைத் துண்டால் கட்டினேன். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் வயர் இடுக்கு வழியாக ஒரு பாதம் வெளியே வந்து என் விரலைப் பற்றிக்கொண்டது. கூடையில் கொண்டு செல்வோர் வாயை நன்றாகக் கட்டிவிடுவது அவசியம். காத்திருக்கும் இடத்தில் பெரிய நாய் ஒன்று குரைத்தாலே பூனை பாய்ந்து ஓடப் பார்க்கும்.

மருத்துவர் முதலில் இரண்டின் எடையையும் உடல் சூட்டையும் பார்த்தார். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் ஊசியை ஒத்திவைப்பார்களாம். குட்டிக்கு 3 மாதம் நிறைந்துவிட்டதா, பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா என்று விசாரித்துவிட்டு, குளிர்பெட்டியிலிருந்து மருந்தை எடுத்தார். இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்காவிட்டால் பயன் குறையும் என்பதால், கடையில் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போவது சரியல்ல. ஊசி தோலுக்கடியில் இறங்கியபோது குட்டி ஒருமுறை முனகியது, அவ்வளவுதான். மருந்துக் குப்பியின் மீதிருந்த சிறு ஒட்டுத்தாளை மருத்துவர் உரித்து, தடுப்பூசி அட்டையில் ஒட்டிக் கையெழுத்திட்டார். மருந்தின் தொகுப்பு எண்ணும் காலாவதி நாளும் அதில்தான் இருக்கின்றன. ஆகவே ஒட்டுத்தாள் இல்லாத அட்டையை வாங்கிக்கொண்டு வராதீர்கள். குட்டிக்கு ஒரு மாதம் கழித்து மறு ஊசி, பிறகு இரண்டுக்குமே ஆண்டுக்கொரு முறை என்று குறித்துக் கொடுத்தார். அன்று மாலை குட்டி சற்றுச் சோர்ந்து படுத்திருந்தது. மறுநாள் பழையபடி செருப்பைக் கடிக்கத் தொடங்கிவிட்டது.

அங்கே மருத்துவர் அழுத்திச் சொன்ன ஒன்றை எங்கள் வாசலில் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். ஊசி போட்ட நாய்தானே என்று அதன் கடியை அலட்சியப்படுத்தக் கூடாது. பல்லோ நகமோ பட்ட இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோலில் போடும் தடுப்பூசி முதல் நாள், பின் 3, 7, 28ஆம் நாட்களில் தொடரும்; காயம் ஆழமானால் அதைச் சுற்றி எதிர்ப்புப் புரத ஊசியும் போடுவார்கள். கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏற வாரங்கள், சில வேளை மாதங்கள்கூட ஆகும். நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம் அது ஒன்றுதான்.

உரிமம் வாங்குவது நான் எண்ணியதைவிட எளிதாக முடிந்தது. மாநகராட்சி இணையதளத்தில் முகவரிச் சான்று, நாயின் புகைப்படம், தடுப்பூசிச் சான்று ஆகியவற்றைப் பதிவேற்றினேன். நான் வாங்கியபோது கட்டணம் 50 ரூபாய். சான்றில் ஊசி போட்ட தேதி தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்துக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் பார்த்த பக்கத்துக் குடித்தன அக்கா, தம் வீட்டு நாய்க்கும் ஊசி போட வேண்டும் என்று கேட்டார். குட்டியின் மறு ஊசிக்குப் போகும்போது அதையும் அழைத்துச் சென்றோம். ஊசி போட்ட அன்றே முழுப் பாதுகாப்பு வந்துவிடாது, உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாகச் சில வாரங்கள் ஆகும் என்று மருத்துவர் கூறியதால், அக்கா அதைத் தெருவில் அவிழ்த்துவிடுவதை நிறுத்தி, காலையும் மாலையும் சங்கிலியில் பிடித்தே நடத்தி வருகிறார்.