தையில் தள்ளிப்போகும் விடியல்

செங்கோட்டையிலிருந்து புனலூர் சாலையில் மலையேறி எல்லையைத் தாண்டினால் ஆரியங்காவு. ஜனவரிக் கடைசியில் அங்கே மாமா வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், இருக்கிற கொஞ்சம் ரப்பரைத் தானே வெட்டுகிறார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே கிளம்பிவிடுவார். நானும் கூடப் போனேன்.

நெற்றியில் கட்டிய லைட் மரத்தில் விழுந்தது. பழைய வெட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை நாடா மாதிரி உரித்துப் பைக்குள் போட்டார். அப்புறம் கத்தி சரிவாக ஓடியது. பட்டை மெல்லிசாகச் சுருண்டு விழ, அந்தக் கோடு முழுக்க வெள்ளையாகப் பூத்து, சிரட்டையில் முதல் சொட்டு விழுந்தது. மணி ஆறரை. மரங்களுக்கடியில் இன்னும் லைட் இல்லாமல் முடியவில்லை.

"மார்கழியில கூட இந்நேரம் வெளுத்துரும் மருமவனே. தைதான் படுத்தும்" என்றார் மாமா.

டிசம்பர் 22 வாக்கில்தானே மிகச் சிறிய பகல்? அதற்குப் பிறகு விடியல் முந்த வேண்டாமா? வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாமா சொன்னதுதான் சரி. இங்கே டிசம்பர் 22இல் உதயம் சுமார் 6.31, ஜனவரி 30இல் 6.43. மாலையும் தள்ளித்தான் போகிறது: நவம்பர் கடைசி வாக்கில் ஆறு மணிக்கே அடைந்துவிடும் சூரியன், ஜனவரிக் கடைசியில் ஆறரை வரை நிற்கிறது.

காரணம் இதுதான். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகமாக ஓடுகிறது. அதன் அச்சு வேறு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து, டிசம்பர் கடைசியில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை நாளுக்கு அரை நிமிடம் போலத் தள்ளுகின்றன. நவம்பர் தொடக்கத்தில் 12.05க்கு உச்சிக்கு வருகிற சூரியன், பிப்ரவரி நடுவில் 12.35க்குத்தான் வருகிறது. உச்சி நகர்ந்தால் விடியலும் அந்தியும் கூடவே நகரும்.

இது எல்லா ஊருக்கும் பொதுதான். ஆனால் மாமா முன்பு வேலை பார்த்த டெல்லியில், குளிர்காலப் பகல் பத்தேகால் மணி நேரம், கோடைப் பகல் கிட்டத்தட்ட பதினான்கு. பகல் அங்கே அவ்வளவு வேகமாக வளர்வதால், ஜனவரி நடுவுக்குள் விடியல் முந்தத் தொடங்கிவிடும். ஆரியங்காவு இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 9 பாகை வடக்கில். வருடத்தின் மிகப் பெரிய பகலுக்கும் மிகச் சிறிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதனால் உச்சியின் நகர்வுதான் இங்கே ஜெயிக்கிறது.

போதாததற்குக் கிழக்கே மலை. உதயக் கணக்கு முடிந்தும் வெகுநேரத்துக்கு வெயில் வந்து சேரவில்லை. மாமா காத்திருக்கவில்லை; முதல் மரத்துச் சிரட்டை நிறைந்துகொண்டிருக்க, அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டிருந்தார்.