வேலை போன ஆண்டின் வருமான வரிக் கணக்கு

2024 ஜூலையோடு என் வேலை போனது. அதன் பிறகு மார்ச் வரை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுத்தேன். பெரும்பாலும் ரொக்கம்தான். வேலையில்லாதவனுக்கு எதற்கு வருமான வரிக் கணக்கு என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கோ முதல் நான்கு மாதச் சம்பளத்தில் முன்கூட்டியே பிடித்த வரி, அதாவது டிடிஎஸ், கண்ணை உறுத்தியது. ஆண்டு முழுக்க வேலையில் இருப்பேன் என்று கணக்குப் போட்டுப் பிடித்த பணம் அது. தாக்கல் செய்தால்தான் திரும்பி வரும்.

சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவம் இங்கே உதவாது. டியூஷன் வருமானம் தொழில் வருமானம் என்பதால், சிறு தொழில் லாபத்தை உத்தேசமாகக் காட்டுவோருக்கான ஐடிஆர்-4 போட்டேன். சம்பளத்தையும் அதிலேயே காட்டலாம்.

அந்த ஆண்டுக்குப் பொருந்திய 44ஏடி என்ற வருமான வரிச் சட்டப் பிரிவின்படி ரொக்கமாக வந்ததில் 8 சதவீதமும், வங்கி அல்லது யுபிஐ வழியே வந்ததில் 6 சதவீதமும் லாபமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகம் எழுதிவைக்கும் கட்டாயம் இல்லை. "எட்டு சதவீதம் போட்டுவிட்டு வேலையைப் பார்" என்றார் விவரம் தெரிந்த நண்பர் ஒருவர். ஆனால் அது குறைந்தபட்ச அளவுதான். எனக்குச் செலவு என்று பார்த்தால் மார்க்கர் பேனாவும் வினாத்தாள் நகல்களும்தான். மீதி முழுவதையும் லாபமாகவே எழுதினேன். யோக்கியன் என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. சம்பளத்தோடு கூட்டினாலும் மொத்த வருமானம் 7 லட்சத்துக்கு வெகு கீழே. அந்த ஆண்டின் புதிய வரி முறையில், குறைந்த வருமானத்துக்கு 87ஏ பிரிவு தரும் தள்ளுபடி போக வரி பூஜ்யம். பிறகு எதற்குக் குறைத்துக் காட்ட வேண்டும்? நாளை கடனுக்கு வங்கிப் படியேறினால் அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

வருகைப் பதிவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் பிள்ளையின் பெயர், மாதம், தொகை, ரொக்கமா யுபிஐயா என்று அவ்வப்போது குறித்து வைத்திருந்தேன். படிவம் இரண்டையும் தனித்தனியே கேட்கிறது. மார்ச் 31 அன்று கையிருப்பு ரொக்கம் எவ்வளவு என்றும் கேட்கிறது; அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. நோட்டு இல்லாவிட்டால் குத்துமதிப்பாக ஏதாவது எழுதியிருப்பேன்.

நம் வருமானம் பற்றி வரித்துறைக்கு வந்த தகவல்களைக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையில் சம்பளமும் சேமிப்புக் கணக்கு வட்டியும் இருந்தன. டியூஷன் பணத்தின் சுவடே இல்லை. ரொக்கமாக வாங்கியதை நாமாகச் சொன்னால்தான் உண்டு. வட்டி சொற்பம்தான், ஆனாலும் சேர்த்தேன். இந்த மாதிரிச் சில்லறை வித்தியாசத்துக்குக்கூட விளக்கம் கேட்டு வரித்துறையிலிருந்து செய்தி வரலாம்.

2025இல் கடைசி நாளை ஜூலை 31இலிருந்து செப்டம்பர் 15க்குத் தள்ளி, பிறகு மேலும் ஒரு நாள் கொடுத்தார்கள். நான் அதற்கு முன்பே முடித்துவிட்டேன். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஒரு வழியில் அதைச் சரிபார்க்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டுப் பணம் வரவில்லை என்று புலம்புகிறார்கள். பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கையும் வரித்துறையின் இணையதளத்தில் முன்கூட்டியே உறுதி செய்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்த வரி முழுவதும் திரும்பி வந்தது.

2025-26இல் டியூஷன் மட்டும்தான். புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை, என் வருமானத்துக்குத் தாக்கல் செய்யும் கட்டாயமும் இல்லை. இருந்தாலும் செய்யப் போகிறேன். வருமானச் சான்றாகக் காட்ட என்னிடம் இப்போது வேறு காகிதம் எதுவும் கிடையாது.