கால் நீண்ட 'பி', கொம்பு முளைத்த 'பி'

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் எங்கள் கரையில் விசைப்படகுகள் தொழிலுக்குப் போகக் கூடாது. மீன்களின் இனப்பெருக்கக் காலம் என்பதால் கிழக்குக் கடற்கரை முழுவதும் தடை. கடலூர் தேவனாம்பட்டினத்தில் அந்த இரண்டு மாதமும் அப்பாக்கள் கரையில் உட்கார்ந்து வலை சீர்செய்துகொண்டிருப்பார்கள். பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் விடுமுறை. என் வீட்டுத் திண்ணை நிரம்பி வழிவது அப்போதுதான். 2022-ல் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராகச் சேர்ந்தபோது தொடங்கிய மாலை வகுப்பு இது. கோடையிலும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவதால் நிறுத்த மனம் வரவில்லை.

இந்தக் கோடையில் முதல் சொல்லாகத் தடையையே எடுத்துக்கொண்டேன். வீட்டில் நாள் முழுக்கப் பேசப்படுகிற பேச்சு அதுதானே. பலகையில் ஆங்கிலத்தில் ban என்று எழுதி, படித்துக் காட்டி, எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மறுநாள் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் நோட்டைப் புரட்டினேன். ஆங்கிலச் சொல்லின் தலைமேல் பென்சிலால் பொடி எழுத்தில் 'பேன்', பக்கத்தில் 'தடை'. இரண்டு பக்கம் முன்னால் பள்ளியில் எழுதிய பாடம்: அங்கேயும் 'பேன்', பொருள் வாணலி (pan). அதற்கும் முன்னால் இன்னொரு 'பேன்', பொருள் மின்விசிறி (fan). மூன்றையும் வாசிக்கச் சொன்னேன். அவள் கண் ஆங்கில எழுத்தைத் தொடவே இல்லை; பென்சில் வரியின்மேல் மட்டும் ஓடியது. மூன்று முறையும் ஒரே ஒலி. எது தடை, எது வாணலி என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. நானும் அப்படிப் படித்தவள்தான். "சி ஓ ஏ டி கோட், கோட் என்றால் மேலங்கி" என்று ராகம் போட்டு மனப்பாடம் செய்தோம். ஆடும் (goat) எங்களுக்குக் 'கோட்'தான். கல்லூரி முதலாண்டில் சொல்வதை எழுதும் பயிற்சியில் மேலங்கி வரவேண்டிய இடத்தில் ஆட்டை எழுதிவைத்தேன். அந்தத் தாளை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார்கள். அதன்பிறகு ஓர் ஆண்டுக்கு வகுப்பில் நான் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. என் திண்ணையில் உட்காரும் ஒரு பிள்ளைக்கும் அது நேரக் கூடாது.

குற்றம் பிள்ளைகள்மேலும் இல்லை, தமிழ் எழுத்தின்மேலும் இல்லை. நமக்கு ஒரே ஒரு 'ப' போதும். நிற்கிற இடத்தைப் பார்த்து அது தானே வன்மையாகவோ மென்மையாகவோ ஒலித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த ஒலி மாறினால் சொல்லே மாறிவிடுகிறது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லவில்லை. "பாம்பு" என்று மெதுவாகச் சொல்லச் சொன்னேன். முதலில் வரும் 'பா'வும் கடைசியில் வரும் 'பு'வும் ஒன்றா? நாலைந்து முறை சொல்லிப் பார்த்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு தம்பிதான் முதலில் பிடித்தான்: "அக்கா, ரெண்டாவது கொழகொழ என்று இருக்கிறது!" அடுத்து "கிழங்கான்". மீன் பெயர் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியா தரவேண்டும்? 'கி' ஒரு மாதிரி, 'கா' ஒரு மாதிரி. மேலங்கியும் ஆடும் அங்கேயே பிரிந்துவிட்டன. இரண்டு ஒலியும் பிறந்தது முதல் அவர்கள் வாயிலேயே இருக்கின்றன. ஒரே எழுத்து என்பதால் காதுதான் கவனிக்காமல் விட்டிருக்கிறது.

ஒரு வேறுபாடு மட்டும் பாக்கி. வாணலியின் முதல் ஒலியில் ஆங்கிலேயர் ஒரு மூச்சையும் சேர்த்து ஊதுகிறார்கள். நம் 'ப'வில் அது இல்லை. பாண்டிச்சேரி போய்வந்த பஸ் டிக்கெட் ஒன்று பர்சில் கிடந்தது. அதை அந்த ஆறாம் வகுப்புப் பெண்ணின் உதட்டுக்கு நேரே பிடித்தேன். வாணலி என்று ஆங்கிலத்தில் சொன்னால் டிக்கெட் படபடக்க வேண்டும், தடை என்றால் அசையாமல் நிற்க வேண்டும். ஏழெட்டு முறை முயன்றாள். டிக்கெட் முதன்முதலாகத் துடித்தபோது திண்ணையே கத்தியது. மின்விசிறிக்கு மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்தால் போதும், அது எளிது.

எழுத்தின் பெயரைக்கூடத் தமிழில் பிரித்து எழுத முடியவில்லை, p, b இரண்டும் 'பி'தான். அதனால் கால் கீழே நீண்டது, கொம்பு மேலே முளைத்தது என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

பொருளும் இதேபோல் பாதியில் நின்றுவிடுகிறது. நோட்டில் ஒரு சொல்லுக்கு எதிரே ஒரே பொருளைத்தான் எழுதுகிறோம். 'கேட்ச்' என்றால் பையன்களுக்கு மணலில் ஆடும் கிரிக்கெட்தான். அதற்கு மீன்பாடு என்றும் பொருள் உண்டு என்றபோது ஒருவன் நம்பவே இல்லை. "இன்று மீன்பாடு எப்படி?" என்று ஏலக்கூடத்தில் அவன் அப்பா தினமும் கேட்கிற அதே மீன்பாடு. அந்தச் சொல்லை அவனுக்கு நான் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நம் சொல் ஏதாவது ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறதா என்று ஒருநாள் கேட்டார்கள். கட்டுமரத்தைச் சொன்னேன். கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், இங்கே இடிந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் வாங்கியது 1690-ல். 1697-ல் அச்சான, ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியரின் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கிறது. அவர்களும் நம் பென்சில் வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்: இரட்டை 'ட்' போய்விட்டது, கடைசி 'ம்' 'ன்' ஆகிவிட்டது. இன்று அந்தச் சொல் பெரும்பாலும் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. அந்தப் படத்தைக் காட்டியதும், "இதில் கட்டும் இல்லை, மரமும் இல்லையே அக்கா" என்றாள் ஒருத்தி.

நோட்டில் பென்சில் தமிழ் கூடாது என்று நான் சட்டம் போடவில்லை. ஊன்றுகோலைத் திடீரென்று பிடுங்கினால் விழுந்துவிடுவார்கள். அந்த ஆறாம் வகுப்புப் பெண் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். டிக்கெட் துடிக்கிற எழுத்துகளின் பக்கத்தில் காற்று வீசுவதுபோல் மூன்று சின்னக் கோடுகள், துடிக்காதவற்றுக்கு ஒன்றுமில்லை. ஒரு வாரத்தில் எல்லா நோட்டிலும் அந்தக் கோடுகள் வந்துவிட்டன.

ஜூன் 15 அன்று திண்ணை காலி. நள்ளிரவில் புறப்பட்ட படகுகள் திரும்புவதைப் பார்க்கப் பிள்ளைகள் எல்லோரும் முதுநகர் துறைமுகத்துக்குப் போய்விட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் மட்டும் வந்து நோட்டை நீட்டினாள். அப்பாவுக்குப் பெரிய மீன்பாடு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். மீன்பாட்டின் முதல் எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று கோடுகள். பெரிய என்ற சொல்லின் கொம்பு முளைத்த 'பி'க்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. தலைமேல் பென்சில் வரியும் இல்லை.