வெள்ளவத்தை மொட்டை மாடி ரோசாவும் கரும்புள்ளியும்

மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் எங்கள் ரோசாச் சாடிகளில் கரும்புள்ளி வந்துவிட்டது. முதலில் அடியிலைகளில்தான். ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். புள்ளியின் விளிம்பு ஒழுங்கான வட்டமாக இல்லை. கடதாசியில் மை ஊறினதுபோலப் பிசிறு பிசிறாகப் பரவியிருந்தது. அந்தப் பிசிறுதான் நோயின் அடையாளம். பிறகு சுற்றிவர மஞ்சளாகி இலை உதிர்ந்துவிடும். கடற்காற்றின் உப்புப் பட்டுக் கருகுவது வேறு. அது நுனியிலும் ஓரத்திலும் தொடங்கி உள்ளே வரும். கடற்கரைப் பக்கம் சாடி வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும், ஏனென்றால் உப்புக்கு மருந்தடித்துப் பயனில்லை.

கரும்புள்ளிக்குக் காரணம் டிப்ளோகார்ப்பன் ரோசே என்ற பங்கசு (பூஞ்சணம்). அதன் வித்தி, அதாவது விதைபோலப் பரவும் நுண்துகள், முளைத்து இலைக்குள் இறங்க, இலை ஏறக்குறைய 7 மணித்தியாலம் தொடர்ந்து ஈரமாக இருக்கவேண்டும். அதனால் நான் முதலில் கை வைத்தது மருந்தில் அல்ல, ஈரத்தில். பின்னேரம் தலையோடு தண்ணீர் விட்ட சாடிகளை விடியத் தொட்டுப் பார்த்தால் இலை அப்படியே நனைந்திருக்கும். சுவரோடு நெருக்கி வைத்தவை வெயில் ஏறிய பிறகும் காய்வதில்லை.

மாமிக்குப் பின்னேரம் பூமரங்களுக்குத் தண்ணி விடுவது பல வருசப் பழக்கம். "வெயில் தாழ விட்டாத்தானே பிள்ளை, அதுகளுக்கும் குளிர்மை" என்று சொன்னா. "விடியவே விடுவம் மாமி, வேரடியில மட்டும்" என்று கேட்டுக்கொண்டேன். இப்போது காலமைத் தேத்தண்ணி குடித்த கையோடு அவவே கோப்பையால் அளந்து ஊற்றுகிறா. மழைநாளில் மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஈரமென்றால் விட்டுவிடுகிறா.

சாடிகளைச் சுவரிலிருந்து இழுத்து, காற்றுப் போக இடம் விட்டு வைத்தேன். உள்பக்கம் வளர்ந்த கொப்புகளை வெட்டினேன். வெட்டும் கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டால் துடைக்கவேண்டும். மேல்மண்ணில் தும்பு பரப்பினேன். மழைத்துளி விழுந்து தெறிக்கும் தண்ணீரோடுதான் வித்திகள் மேலிலைக்கு ஏறுகின்றன. புள்ளி விழுந்த இலைகளை மழை விட்ட நேரம் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுக்கிறேன். கொம்போஸ்ட் வாளிக்குள் அவற்றைப் போடுவதே இல்லை.

விசிறுவதற்கு அப்பச்சோடா: 1 லீற்றர் தண்ணீருக்கு 1 தேக்கரண்டி, இலையில் ஒட்டச் சில துளி சவர்க்காரத் திரவம். புள்ளி விழுந்த இலையை இது சுகப்படுத்தாது. புதுத் தளிரைத்தான் ஓரளவு காக்கும், அதுவும் அடுத்த மழை கழுவும் வரைக்கும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். ஓயாமல் அடித்தால் சாடி மண்ணில் சோடியம் சேரும். என் கணக்கில் இது துணை மருந்து மட்டுமே.

போர்டோக் கலவை என்ற செம்பு மருந்தும் யோசனையில் இருந்தது. 1885இல் மில்லார்டே என்ற தாவரவியலாளர் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களுக்காக வெளியிட்ட முறை இன்றும் நிற்கிறது: 100 கிராம் மயில்துத்தம் (செம்புச் சல்பேற்று), 100 கிராம் சுண்ணாம்பு, 10 லீற்றர் தண்ணீர். ஆனால் எங்கள் பூக்கள் சாமிப்படத்துக்குப் போகின்றன, சின்னப் பிள்ளைகளும் கிள்ளுவார்கள். பக்கத்திலே டென்ரோபியம் ஓர்க்கிட் தொங்குகிறது. அதற்குச் செம்பு மருந்து ஒத்துக்கொள்ளாது. ஆகவே கைவிட்டேன்.

வெண்சாம்பல் நோயின் கதை நேரெதிர். பெப்ரவரியில், மழை குறைந்த நாட்களில், மொட்டுக் காம்பிலும் இளந்தளிரிலும் வெள்ளைமா பூசினதுபோல வந்தது. அதற்கு இலை நனையத் தேவையில்லை. பகல் வறட்சியும் இரவு ஈரக்காற்றும் போதும். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வெயில் படும் காலை நேரத்தில் விசிறினேன். பிரேசிலில் பெத்தியோல் என்ற ஆய்வாளர் 1999இல் சுக்கினிச் செடியில் இதை நிறுவினார். எங்கள் ரோசாவிலும் வெள்ளை பரவுவது நின்றது, சுருண்ட தளிர்கள் மட்டும் நிமிரவில்லை.

இப்போது யூலை. சிவப்பு ரோசாவின் புதுக்கொப்புகளில் அடியிலை வரைக்கும் பச்சை நிற்கிறது, இரண்டு மொட்டும் வைத்திருக்கிறது. வெள்ளை ரோசா இன்னும் உதிர்க்கிறது. அதைக் கடுமையாகக் கத்தரித்து, தனியே மாடியின் மறுகோடியில் வைத்திருக்கிறேன். அடுத்த தளிரிலும் புள்ளி கண்டால் வேரோடு எடுத்துவிடுவேன். மற்றச் சாடிகளுக்கு நோய் கொடுக்க அதை வைத்திருக்க முடியாது. ஐப்பசி இடிமழைக்கு முன்னர் ரோசாக்களின் மேலே வெளிச்சம் விடும் தகடு ஒன்றைப் போட்டு, நான்கு பக்கமும் திறந்துவிட வேண்டும். ஆசாரி அளவெடுத்துப் போயிருக்கிறார்.