செம்பியின் பல்லுக்குத் தாங்கும் பொம்மை

எங்கள் வீடு குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்துக்குள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் எங்களுக்கு உண்டு. மழை பிடித்துவிட்டால் செம்பிக்கு ஓட்டம் கிடையாது. லாப்ரடாரும் நாட்டு நாயும் கலந்தவள், எடை 26 கிலோ. வராந்தாவில் அடைந்து கிடக்கும் நாட்களில் கதவு நிலை, செருப்பு, கதம்பை (தேங்காய் மட்டை) என்று எதுவும் அவள் பல்லுக்குத் தப்பாது. கதம்பைத் தும்பு வயிற்றுக்குள் போனால் குடலை அடைத்துவிடும். அதனால்தான் உள்ளே தீனி வைத்துக் கொடுக்கிற பொம்மைகளைச் சோதிக்க ஆரம்பித்தேன்.

முதலில் வாங்கியது, உருட்டினால் தீனி உதிரும் பிளாஸ்டிக் பந்து. செம்பி உருட்டவே இல்லை. முன்னங்கால்களால் அமுக்கிப் பிடித்து, இரண்டு பாதியும் சேரும் விளிம்பில் கடைவாய்ப் பல்லை வைத்துக் கடித்தாள். சாயங்காலத்துக்குள் விளிம்பு பொடிந்து கூரான சில்லு தரையில் கிடந்தது. கடிக்கிற நாய்க்குப் பிளாஸ்டிக் சரிப்படாது.

அப்படியானால் எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லதா? அதுவும் இல்லை. மார்த்தாண்டத்தில் கால்நடை மருத்துவர் சொன்னது: "கட்டைவிரல் நகத்தால அழுத்திப் பாருங்க, கொஞ்சமாவது பதியணும். பதியலன்னா பல்லு போயிடும்." கெட்டி நைலான், காய்ந்த எலும்பு இவற்றைக் கடித்து மேல்தாடைக் கடைவாயின் பெரிய பல் பிளந்துபோவது நாய்களிடம் அடிக்கடி நடப்பதுதானாம்.

மிஞ்சியது ரப்பர். காங் என்ற பொம்மை பிறந்ததே இப்படித்தான். அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்டு கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் அது பழைய வோக்ஸ்வேகன் வேனின் ரப்பர் பாகம் ஒன்றை விடாமல் கடிப்பதைப் பார்த்து, 1970களில் அதே மாதிரி வடிவத்தில் பொம்மை செய்தார். சிவப்பு சாதாரணக் கடிக்கு, கருப்பு பலமான கடிக்கு. செம்பிக்குக் கருப்பு, எல் அளவு. பொம்மை முழுதாகக் கடைவாய்ப் பக்கம் போய்விட்டால் தாடையின் முழு பலமும் அதன்மேல் விழும், தொண்டையிலும் சிக்கலாம். இரண்டு அளவுக்கு நடுவில் தயங்கினால் பெரியதையே எடுங்கள். துளையும் இரண்டு இருக்க வேண்டும். ஒற்றைத் துளை என்றால் உள்ளே காற்று வெற்றிடமாகி நாக்கு மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "நம்ம ரப்பர் ஷீட்டையே உருட்டிக் குடுத்தா என்ன?" என்று கேட்டார். கந்தகம் சேர்த்துச் சூட்டில் பதப்படுத்தாத ரப்பர் கடிக்கக் கடிக்கப் பிய்ந்து வரும் அண்ணே, வேண்டாம் என்றேன். பழைய டயர் துண்டும் ஆகாது, உள்ளே கம்பி இருக்கும்.

அப்புறம் தீனி. சின்னத் துளையை ஒரு துண்டு மட்டி வாழைப்பழத்தால் அடைத்து, முள் நீக்கிய சாளை மீன், சோறு, வேகவைத்த பூசணி மூன்றையும் பிசைந்து திணித்து, இரவு முழுக்க ஃப்ரீசரில் வைக்கிறேன். உப்பு, மிளகாய், வெங்காயம் கிடையாது. கடலை வெண்ணெய் வைப்பவர்கள் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்திருக்கிறதா என்று டப்பாவைப் பாருங்கள், நாய்க்கு அது விஷம். உள்ளே போகிற அளவை ராத்திரிச் சாப்பாட்டில் குறைத்துவிடுவேன். உறைந்திருந்தால் நக்கித்தான் தீர்க்க முடியும், கடிக்க அவ்வளவாகத் தோன்றாது. தீனி தீர்ந்த பிறகுதான் அவள் ரப்பரைக் கடிக்கவே தொடங்குகிறாள். ஆகவே காலியானதும் வாங்கி வைத்துவிடுகிறேன். பொம்மை தாங்குவதில் பாதி இதில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

எறும்புதான் பெரிய தொல்லை. தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் ஒரு பலகை போட்டு அதன்மேல் கொடுத்தேன், முகர்ந்ததும் தூக்கிக்கொண்டு வராந்தா மூலைக்குப் போய்விட்டாள். இப்போது மூலையைத் துடைத்துவிட்டுக் கொடுக்கிறேன், முடிந்ததும் பாட்டில் பிரஷ் வைத்து உடனே கழுவுகிறேன். மழை நாளில் உள்ளே கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும்.

கருப்பு ரப்பரின் அடி விளிம்பில் பல் தடம் விழுந்திருக்கிறது, கீறல் இல்லை. கழுவும்போது விரலால் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு துணுக்கு பெயர்ந்தாலும் குப்பைக்குத்தான். அடுத்த மழைக்கு நன்றாக வேகவைத்த மரச்சீனிக்கிழங்கை (மரவள்ளி) திணித்துப் பார்க்கப் போகிறேன். சோற்றைவிடப் பசை அதிகம், இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.